ஒரு மூடை யூரியாவும் நூற்றிப்பத்துச் சுமை இலையும்: கலகெதர வீதியோரத்து மஞ்சள் பூவின் கணக்கு

கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி குருநாகல் நோக்கிச் செல்லும் ஏ10 வீதியில் கலகெதர வரும்வரை, ஆண்டின் கடைசி மாதங்களில் இருபுறமும் மஞ்சளாகத் தெரியும். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்த பற்றைகள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சூரியகாந்தி பயிரிட்டிருக்கிறார்கள் என்றே தோன்றும். கிட்டப் போனால் யாரும் நடவில்லை என்பது தெரியும். மண் வெட்டிய சரிவு, கைவிட்ட தேயிலைத் துண்டு, புல் மண்டிய தரிசு, ஓடைக்கரை என்று மனிதன் கிளறிவிட்டுப் போன இடமெல்லாம் அது நிற்கிறது. தமிழில் காட்டுச் சூரியகாந்தி. சிங்களத்தில் வல் சூரியகாந்த. தாவரவியலில் தித்தோனியா டைவேர்சிபோலியா.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில் மூத்தவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோட்டத்தில் ஆட்டுக்கு வெட்டிப் போட்டதும் இதுதான், தேயிலைத் தூரில் பரப்பியதும் இதுதான். மற்றவர்களுக்குச் சில வரிகள் சொல்ல வேண்டும்.

இதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். 19ஆம் நூற்றாண்டில் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, தோட்ட வேலியைத் தாண்டி மலைச்சரிவுகளில் இறங்கியது. இரண்டு மூன்று மீற்றர் உயரம் வளரும் பல்லாண்டுச் செடி. இலை மூன்று முதல் ஐந்து மடல்களாகப் பிரிந்து, வாயில் வைத்தால் கடும் கசப்பாக இருக்கும். பூவுக்குத் தேன் மணம் உண்டு. தேனீ மொய்க்கும். விதை சிறியது, காற்றிலும் நீரிலும் பரவும். பிரித்தானியர் காலத் தேயிலைத் தோட்டங்களிலேயே இதை வெட்டிப் பசுந்தாளாகப் போடும் வழக்கம் இருந்தது.

அந்தப் பழைய வழக்கம் 2021இல் திடீரென்று அரச கொள்கையின் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப்போவதாக அறிவித்தார். மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. நாடு முழுவதும் ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். சேதனப் பசளை எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கவில்லை. சீனாவிலிருந்து புறப்பட்ட ஹிப்போ ஸ்பிரிட் கப்பலின் பசளை மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் அறிக்கை கொடுத்தது. கப்பல் இறக்கப்படவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்துத்தான் அந்த விவகாரம் தீர்ந்தது. இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் விமானத்தில் வந்தது. மீதியைக் கூட்டெரு செய்து சமாளியுங்கள் என்று விவசாயியிடம் விட்டார்கள். கூட்டெருவுக்கு என்ன போடலாம் என்ற பட்டியலில் எப்போதும் முன்னால் நிற்பவை இரண்டு: கிளிசரியாவும் காட்டுச் சூரியகாந்தியும்.

இரண்டும் நல்ல செடிகள்தான். பிரச்சினை செடியில் இல்லை, கணக்கில் இருந்தது.

கென்யாவின் மேற்குப் பகுதியில் 1990களில் உலக வேளாண்காடு ஆய்வு மையத்தினர் இந்தச் செடியை விரிவாக ஆராய்ந்தார்கள். காய்ந்த பச்சிலையில் நைதரசன் ஏறத்தாழ 3.5 வீதம், பொசுபரசு 0.37 வீதம், பொட்டாசியம் 4.1 வீதம் என்பது அவர்கள் தொகுத்த சராசரி. ஒரு களைச்செடிக்கு இது மிக உயர்ந்த அளவு. இலை விரைவில் மக்கும். ஓரிரு வாரத்திலேயே அதன் நைதரசனில் பெரும்பகுதி மண்ணுக்கு வந்துவிடும். இதுவரை எல்லாம் நல்ல செய்தி.

இப்போது கணக்கைப் போடுவோம். பச்சையாக வெட்டிய இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நூறு கிலோ பச்சிலை காய்ந்தால் இருபது கிலோ. அதில் நைதரசன் 700 கிராம். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் நைதரசன் 23 கிலோ. அந்த ஒரு மூடைக்கு ஈடு செய்ய ஏறக்குறைய 3,300 கிலோ பச்சிலை வெட்ட வேண்டும். தலைச்சுமை 30 கிலோ என்று வைத்தால் நூற்றிப்பத்துச் சுமை. ஒரு மூடைக்கு மட்டும். அதை வெட்டி, சரிவில் ஏற்றி இறக்கி, நறுக்கி, மண்ணில் புதைக்க வேண்டும். ஏக்கருக்கு ஒன்றரை இரண்டு மூடை போட்டுப் பழகிய நெற்காரரிடம், வீதியோரத்தில் இலை இருக்கிறது, வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வது எவ்வளவு எளிது, செய்வது எவ்வளவு கடினம் என்பதை இந்த எண் காட்டும்.

நேர்மையாகச் சொன்னால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. அதே 3,300 கிலோ இலையோடு 27 கிலோ பொட்டாசியம் இலவசமாக வருகிறது, யூரியாவில் அது அறவே இல்லை. மண்ணுக்கு உக்கலும் சேர்கிறது. கென்ய விவசாயிகளின் அனுபவம் இங்கேதான் பயன்படும். சோளத்துக்கு இந்த இலையைச் சுமந்து போட்டவர்களுக்குக் கூலி கட்டவில்லை. கீரை, கோவா வகைக்குப் போட்டவர்களுக்கு இலாபம் வந்தது. சிறு நிலம், விலை கூடிய பயிர், வீட்டுக்குப் பக்கத்திலேயே செடி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் இது பலிக்கும்.

கலகெதரப் பக்கத்து நிலம் இதற்குத் தோதானது. பள்ளத்தில் வயல், மேட்டில் மிளகு, கோப்பி, பாக்கு, பலா கலந்த கண்டி வீட்டுத்தோட்டம், இடையிடையே தேயிலைத் துண்டுகள். இங்கே மடிகே என்றொரு முஸ்லிம் ஊர் இருக்கிறது. கண்டி அரசர் காலத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த துறைக்கு மடிகே என்று பெயர், முஸ்லிம்களே அதில் பெருமளவில் இருந்தார்கள். தவளம் என்ற பொதிமாட்டுக் கூட்டங்கள் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி, பாக்கையும் மிளகையும் இறக்கின. மாடு நின்ற இடத்தில் எரு இருந்தது. லொறி வந்ததும் மாடு போயிற்று. மாட்டோடு எருவும் போயிற்று. யூரியா வந்து அந்த இடத்தைப் பிடித்தது. 2021இல் ஒரே நாளில் யூரியாவை எடுத்தபோது மாடு திரும்பி வந்து நிற்கவில்லை.

விளைவு எல்லோருக்கும் தெரியும். 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறைந்தது. தேயிலை உற்பத்தி 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டி இருந்தது, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. 2021 நவம்பர் 24ஆம் திகதி தடை முழுதாக நீக்கப்பட்டது. நீக்கியபோது வாங்க டொலர் இல்லை. 2022இல் இந்தியக் கடனில் வந்த யூரியாவே மூடை 10,000 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளிக்கு விழுந்த அடி கொழும்புப் பத்திரிகைகளில் அதிகம் வரவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற வர்த்தமானி 2021 மார்ச்சில்தான் வந்தது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன். இரண்டு மாதத்தில் பசளைத் தடை. பசளை இல்லாத செடியில் கொழுந்து இல்லை. கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். ஆயிரம் ரூபா காகிதத்தில் இருந்தது, கையில் பாதிதான் வந்தது என்ற நிலை அப்படித்தான் உண்டானது.

வடக்கில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்திருக்கும். தெற்கு 2021இல் கண்டதை நாங்கள் 1990களில் கண்டோம். யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் பசளை இருந்தது. யூரியாவிலிருந்து வெடிமருந்து செய்வார்கள் என்பது காரணம். வெங்காயம், மிளகாய், புகையிலை என்று பசளையை நம்பிய குடாநாட்டுத் தோட்டக்காரர் ஆண்டுக்கணக்கில் அதில்லாமல் பயிர் செய்தார். சேதன விவசாயம் என்ற பெயர் அதற்கு யாரும் வைக்கவில்லை. பொருளாதாரத் தடை என்றுதான் பெயர். அன்று அதைத் தேசிய அனர்த்தமாக எவரும் கணக்கெடுக்கவில்லை. நட்டஈடு பற்றிய பேச்சும் இல்லை. 2021இன் இழப்புக்கு அரசாங்கம் நெற்செய்கையாளருக்கு நட்டஈடு அறிவித்தது. அது சரியானதே. ஆனால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் கைகொடுத்தது குழை. குழை தாழ்த்தல் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு யாரும் கற்றுக்கொடுத்த புதுமை அல்ல, பாட்டன் பூட்டன் காலத்து வேலை. பூவரசங்குழை, வேப்பங்குழை, பனையோலை எல்லாம் தரையைக் கிண்டித் தாழ்க்கப்பட்டன. வறண்ட தரையில் தானாக நிற்கும் ஆவரசும் தழைக்கு நல்லது, உவர் ஏறிய மண்ணையும் திருத்தும். அதுவும் மஞ்சள் பூதான். கலகெதரவில் காட்டுச் சூரியகாந்தி எதுவோ அதுவே மன்னாரிலும் பூநகரியிலும் ஆவரசு என்று சொன்னால் பெரிய பிழையில்லை. ஆவரசம்பூவைத் தேநீராகக் குடிக்கலாம் என்பது கூடுதல் நன்மை. தெற்கில் ரணவரா என்ற பெயரில் அது பெட்டியில் விற்கிறது. நமது தரையில் சும்மா உதிர்கிறது.

ஆனால் குழை எங்கே இருந்து வந்தது? கதியால் வேலியிலிருந்து, ஊருக்குப் பொதுவான பற்றைக் காணியிலிருந்து, பனங்காணியிலிருந்து. போரில் பனை அழிந்தது. இடம்பெயர்ந்து திரும்பியவர்கள் வேலிக்குப் பதில் மதில் எழுப்பினார்கள், அல்லது தகரம் அடித்தார்கள். பொதுக்காணிகளில் ஒரு பகுதி முகாமாயிற்று, இன்னொரு பகுதி வனத் திணைக்களத்தின் எல்லைக் கல்லுக்குள் போயிற்று. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி ஏறத்தாழ 6,000 ஏக்கர் வடமாகாணக் காணிக்கு உரிமை கோரும்படி கால எல்லை வைத்ததும், எதிர்ப்பின் பின் ஜூனில் அது விலக்கப்பட்டதும் அண்மைக் கதை. காணிப் பிரச்சினையை நாங்கள் வீட்டுக்கும் வயலுக்குமாகவே பேசுகிறோம். குழை வெட்டவும் மாடு மேய்க்கவும் உதவிய நிலம் அந்தப் பேச்சில் வருவதேயில்லை. தழையுரத்துக்கு இலை மட்டும் போதாது, இலை வளர ஒரு நிலமும் அதில் இறங்கி வெட்டும் உரிமையும் வேண்டும். லயனில் இருக்கும் மலையகக் குடும்பத்துக்கும் இதே கதைதான். வீட்டு வாசலில் காட்டுச் சூரியகாந்தி நிற்கும், அது நிற்கும் மண் அவர்களுடையதல்ல.

குழைக்குப் பதில் வந்த யூரியா குடாநாட்டுக்கு நல்லதை மட்டும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புப் பாறைக்கு மேலிருக்கும் மெல்லிய மண்ணில் அளவுக்கு மீறிப் போட்ட நைதரசன் நேரே கிணற்றுக்குப் போகிறது. யாழ்ப்பாணத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று குடிநீர் எல்லையைத் தாண்டியிருப்பது 1980களிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகி வருகிறது. ஆகவே 2021இன் பிழை இரசாயனப் பசளையைக் குறைக்க நினைத்தது அல்ல. ஆயத்தம் இல்லாமல், விவசாயியைக் கேட்காமல், ஒரே போகத்தில் செய்ததே பிழை. அந்தத் தோல்விக்குப் பிறகு சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயி சிரிக்கிறார். அந்த ஒரு வர்த்தமானி செய்த மிகப் பெரிய கெடுதி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சரி, இந்தச் செடியை முறையாகப் பயன்படுத்த நினைக்கும் மலையகத்துச் சிறு தோட்டக்காரர் என்ன செய்யலாம்?

வீதியோரத்தை நம்புவதைவிடச் சொந்த எல்லையில் வளர்ப்பதே நல்லது. முற்றிய தண்டை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, கதியால் நடுவது போலச் சாய்வாக, பாதி மண்ணுக்குள் போகும்படி மழை தொடங்கும்போது நட்டால் போதும். விதையைவிடத் தண்டு நிச்சயம். சரிவில் சமவுயரக் கோட்டில் வரிசையாக நட்டால் மண் அரிப்பைத் தடுக்கும் வேலியாகவும் நிற்கும். செடி நன்றாக வேரூன்றிய பிறகு, மொட்டு விடும் தறுவாயில் வெட்ட வேண்டும். பூத்து முற்றினால் தண்டு மரமாகும், இலையின் சத்துக் குறையும். அதோடு விதை பரவும். நறுக்கிய இலையை மேலே பரப்புவதைவிட மண்ணில் கலந்துவிடுவது பயன். மிளகுக் கொடியின் தூர், கறிமிளகாய்ப் பாத்தி, புதிதாக நடும் தேயிலைக் குழி போன்ற இடங்களுக்கு ஏற்றது. வெட்டிய இலையைப் பீப்பாவில் ஊறவைத்து, ஓரிரு வாரம் கழித்து நீர் கலந்து ஊற்றுபவர்களும் உண்டு. இரசாயனப் பசளையை முழுதாக விடாமல், பாதியாகக் குறைத்து மீதியை இலையால் நிரப்புவதே நடைமுறைக்கு ஒத்தது.

இன்னொன்றை மறக்கக்கூடாது. இது அவரைக் குடும்பம் அல்ல. கிளிசரியாவைப் போலக் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தராது. தான் நிற்கும் மண்ணிலிருந்து உறிஞ்சித்தான் இலையில் சேர்க்கிறது. ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தில் போட்டால் முதல் இடம் வறுமைப்படும். வருடக்கணக்கில் ஒரே வேலியை வெட்டிக்கொண்டிருந்தால் அந்த வேலிக்கும் ஒருநாள் சாணம் போட வேண்டி வரும். கிளிசரியாவையும் இதையும் கலந்து நடுவதற்குக் காரணம் இதுவே.

பூச்சிக்கும் இது ஓரளவு உதவும். தன்சானியாவில் அவரை வயல்களில் செய்த ஆய்வொன்று, ஒரு லீற்றர் நீருக்கு 100 கிராம் என்ற அளவில் காய்ந்த இலைத்தூளை ஊறவைத்து, சிறிது சவர்க்காரம் சேர்த்துத் தெளித்ததில் பூச்சிகள் குறைந்ததாகக் கூறுகிறது. நன்மை தரும் பூச்சிகளுக்கு இரசாயன நாசினியளவு கேடும் விளையவில்லை. ஆடு மாட்டுக்கு மற்றப் புல்லோடு கலந்து கொடுக்கலாம். ஆனால் மனிதருக்கு மருந்தாகக் கொடுக்கும் விடயத்தில் கவனம் தேவை. நீரிழிவுக்கும் காய்ச்சலுக்கும் இதன் கசாயத்தைக் குடிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. எலிகளில் செய்த சோதனைகளில் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சள் பூ என்பதற்காக ஆவரசோடு குழப்பிக்கொண்டு தேநீர் வைக்க வேண்டாம்.

அப்படியானால் இந்தச் செடியை வன்னிக்கும் கொண்டுபோகலாமா? என் பதில், வேண்டாம். தென்னாபிரிக்காவில் இது சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய ஆக்கிரமிப்புத் தாவரம். இலங்கையிலும் சூழலியலாளர்கள் அந்நிய ஆக்கிரமிப்புச் செடிகளோடே இதைச் சேர்க்கிறார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு செடி என்ன செய்யும் என்பதை வடக்குக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இந்தியப் படையினர் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று பரவலாக நம்பப்படும் பார்த்தீனியம் இன்றும் தோட்டங்களில் நிற்கிறது. மாகாணசபைக் காலத்தில் பெரிய ஒழிப்பு இயக்கமே நடத்தியும் போகவில்லை. எங்கள் தரைக்கு ஆவரசும் பூவரசும் கிளிசரியாவும் இருக்கின்றன. மதிலுக்கு உட்பக்கமாக ஒரு வரிசை கதியால் நடுவதற்கு வர்த்தமானி தேவையில்லை.

மலையகத்தில் இப்போது அவசரம் இன்னும் கூடியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மண்சரிவுகளால் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மேல்மண் கழன்று சிவப்பாகத் தெரியும் சரிவுகளில் முதலில் ஏறி நிற்கக்கூடிய செடிகளில் காட்டுச் சூரியகாந்தி முக்கியமானது. வெறும் மண்ணை மூடும்வரை அது நல்லதே. ஆனால் அதன் வேர் பெரிய சரிவைப் பிடித்து நிறுத்தாது, அப்படி நம்பி அதன் மேல் வீடு கட்டக்கூடாது. அதை வெட்டி அங்கேயே மண்ணுக்குப் போட்டு, இடையில் மரக்கன்றுகளை ஏற்றினால் கழுவுண்டு போன மண் மெல்லத் தேறும்.

இதற்குக் கூலி யார் கொடுப்பது என்பதுதான் மீதிக் கேள்வி. நெற்செய்கையாளருக்குப் பசளை மானியமாக ஹெக்டேயருக்கு 25,000 ரூபா கொடுக்கிறது அரசாங்கம். அது பசளை வாங்கும் கைக்குப் போகிறது. இலை வெட்டிச் சுமக்கும் கைக்கு எந்த மானியமும் இல்லை. கமநல சேவை நிலையப் பதிவில் பெயரில்லாத லயன் குடும்பம் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. நூற்றிப்பத்துச் சுமைக்கும் கூலி போட்டுக் கணக்குப் பார்த்த ஒரு சேதனக் கொள்கை கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை. அதுவரை கலகெதர வீதியோரத்தில் பூ பூத்து, விதை கொட்டி, அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் பரவும்.